நாய்க்குக் குளியல்: வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா, அழுக்கானால் மட்டுமா?

எங்கள் குடும்பத்தில் மூன்று வீடுகளில் மூன்று நாய்கள் இருக்கின்றன. சென்னை வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் எங்களோடு இருப்பது ஐந்து வயது லேப்ரடார். கோவில்பட்டிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டை ஒட்டிய ஊரில் என் அண்ணன் வளர்ப்பது சிப்பிப்பாறைக் கலப்பு. கோயம்புத்தூரில் நாத்தனார் வீட்டில் சோபாவை விட்டு இறங்க மனமில்லாத ஒரு ஷிட்சு. பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது, நாயை எத்தனை நாளுக்கு ஒரு முறை குளிப்பாட்ட வேண்டும் என்ற பேச்சு வந்தது. நாங்கள் அப்போது ஞாயிறு தவறாமல் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். நாத்தனார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை நாய்களுக்கான அழகு நிலையத்துக்கு அழைத்துப் போகிறார். அண்ணனோ, தன் நாய் பிறந்ததிலிருந்து ஷாம்புவையே பார்த்ததில்லை என்றார். தோட்டத்தில் மோட்டார் ஓடும் நாளில் அதுவாகவே தொட்டியில் இறங்கி நனைந்துகொண்டு வந்துவிடுமாம். மூன்றில் தோல் நோய்க்காக மருத்துவரிடம் போய் வந்தது எங்கள் நாய் மட்டும்தான் என்று அண்ணி நினைவூட்டியபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதன் பிறகு கேட்டும் படித்தும் செய்தும் பார்த்ததை வைத்து, வாரம் ஒரு முறை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அழுக்கானால் மட்டும் என்ற நான்கு வழிகளையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் நாயின் தோலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாரக் குளியல் என்ற எண்ணமே நம் தோலை மனத்தில் வைத்து வந்ததுதான். நமக்கு உடம்பு முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தின் அடியில் மட்டுமே, உடல் சூட்டை அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. ஆகவே வெயிலில் சுற்றி வியர்த்திருக்கும் என்று நினைத்துக் குளிப்பாட்டுவதில் பொருள் இல்லை. மனிதத் தோலின் மேலடுக்கில் 10 முதல் 15 வரிசை செல்கள் இருக்கும் என்றால், முடி மூடிய நாயின் தோலில் 3 முதல் 5 வரிசைதான் இருக்கும். இந்த மெல்லிய தோலுக்குக் காப்பாக இருப்பது முடியும், மயிர்க்கால்களை ஒட்டிய சுரப்பிகளிலிருந்து ஊறி முடியில் பரவும் எண்ணெய்ப் பசையும் ஆகும். ஷாம்பு அழுக்கை எடுக்கும்போது அந்த எண்ணெயையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகிறது; அது மறுபடி ஊறிப் பரவச் சில நாள்கள் பிடிக்கும். மேல்தோல் முழுவதும் உதிர்ந்து புதிதாக வருவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. எத்தனை நாள் இடைவெளி என்ற கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கோ விழுகிறது.

வாரம் ஒரு முறை குளிப்பாட்டுவதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது இல்லாமல் இல்லை. நகரத்து வீடுகளில் நாய் வாசலில் படுப்பதில்லை. கட்டிலில் ஏறுகிறது, குழந்தையின் போர்வைக்குள் நுழைகிறது. அப்படிப்பட்ட வீட்டில் சுத்தம் குறித்த கவலை நியாயமானதுதான். சில நாய்களுக்கு மருத்துவரே வாரக் குளியலை எழுதிக் கொடுப்பதும் உண்டு. தூசி, மகரந்தம் போன்றவற்றால் ஒவ்வாமை ஏற்பட்டு ஓயாமல் சொறிந்துகொள்ளும் நாய்களை எரிச்சல் தராத மென்மையான ஷாம்புவாலும் வெதுவெதுப்பான நீராலும் வாரம் ஒரு முறையாவது குளிப்பாட்டலாம் என்பது 2015இல் வெளிவந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. முடியில் ஒட்டிக்கொண்ட ஒவ்வாமைப் பொருள் கழுவப்படுவதும், வறண்ட தோலுக்கு ஈரம் கிடைப்பதும் அதன் பயன்கள். ஆக, வாரக் குளியல் தன்னளவிலேயே கெடுதல் என்று சொல்வதற்கில்லை. சரியான ஷாம்புவைக் கொண்டு, முழுக்க அலசி, முழுக்கக் காயவைத்தால் ஆரோக்கியமான நாய் அதைத் தாங்கிக்கொள்ளும்.

பெரும்பாலான வீடுகளில் தவறிப்போவது அந்தக் கடைசிப் பகுதிதான். எங்கள் வீட்டிலும் அதுதான் தவறியது. லேப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே தெரிவது சற்று முரட்டு முடி. அதன் அடியில் பஞ்சுபோல அடர்ந்த இன்னொரு அடுக்கு, குளிர்ந்த நீரில் இறங்கி வேலை செய்வதற்காக வாய்த்தது. அந்த அடியடுக்கு நனைவதற்கே நேரமாகும். நனைந்துவிட்டால் காய்வதற்கு அதைவிடப் பல மடங்கு நேரமாகும். சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை தூறிக்கொண்டிருக்கும்போதே குளிப்பாட்டி, இரண்டு துண்டால் துவட்டி, பால்கனியில் விட்டுவிட்டோம். மேலே தொட்டுப் பார்த்தபோது மதியத்துக்குள் காய்ந்ததுபோல்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை அது திரும்பித் திரும்பி வாலடியைக் கடித்துக்கொண்டிருந்தது. கையை வைத்தால் அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று ஈரமாக இருந்தது; முடியை விலக்கியபோது ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்து, நீர் கசிந்து, சுற்றியிருந்த முடி கஞ்சி போட்ட துணிபோல விறைத்து ஒட்டியிருந்தது. மறுநாள் காலையில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. ‘ஹாட் ஸ்பாட்’ என்று மருத்துவர்கள் சொல்லும் ஈரப்புண் அது. சுற்றிலும் முடியை மழித்து, கிருமிநாசினியால் கழுவி, மருந்து கொடுத்து, கடிக்க முடியாதபடி பத்து நாள் கழுத்தில் கூம்பு மாட்டி அனுப்பினார் மருத்துவர்.

அன்று அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளுக்கு ஒரு முறை குளிப்பாட்டுகிறீர்கள் என்பது அன்று. குளிப்பாட்டினால் அடிமுடி காய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான். எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் அடிமுடியைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்: உங்கள் வீட்டில், அந்தப் பருவத்தில், அந்த நாயின் முடியை அன்றே அடிவரை காயவைக்க முடியுமா என்பது தெரிந்த பிறகுதான் இடைவெளி பற்றிய கணக்கைத் தொடங்க முடியும். காயவைக்க முடியாத வீட்டுக்கு வாரக் குளியல் என்பது, வாரத்தில் ஒன்றரை நாள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நாய் படுத்திருப்பதற்குச் சமம்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. வாரத்துக்கும் மாதத்துக்கும் இடையில் சமரசமாக எடுத்துக்கொள்ளும் முடிவு அது. சேற்றிலும் செடிகளுக்குள்ளும் நாள்தோறும் விளையாடும் நாய், எண்ணெய்ப் பசை இயல்பாகவே அதிகமுள்ள காக்கர் ஸ்பானியல் அல்லது பாசெட் ஹவுண்ட் வகை நாய், தோலில் மடிப்புகள் கொண்ட பக் ஆகியவற்றுக்கு இந்த இடைவெளி பொருந்தும். பக்கைப் பொறுத்தவரை, முகத்து மடிப்புகளை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்திவிடுவது குளியலைவிடப் பெரிய வேலை செய்யும்.

மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பதற்குத்தான் நான் இப்போது மாறியிருக்கிறேன். குடியிருப்புக்குள் வளர்ந்து, காலையும் மாலையும் அரை மணி நேரம் நடைக்குப் போய் வரும், தோல் நோய் எதுவும் இல்லாத நாய்க்கு இது போதுமானது. எண்ணெய் ஊறிப் பரவ நேரம் கிடைக்கிறது; மேல்தோல் ஒரு சுற்று முடிக்கிறது; அழுக்கும் பொறுக்க முடியாத அளவுக்குச் சேர்வதில்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இடையில் வரும் நாள்களில் வாரத்துக்கு மூன்று முறையாவது முடியைச் சீவ வேண்டும். சீவும்போது உதிர்ந்த முடி வெளியே வருகிறது, பொடுகு வருகிறது, தூசி வருகிறது, ஓரிடத்தில் தேங்கிய எண்ணெய் முடி முழுவதும் பரவுகிறது. உண்ணி, கட்டி, புண் எல்லாம் கைக்குத் தட்டுப்படுகின்றன. ஞாயிறு குளியலில் நாங்கள் போக்கிக்கொண்டிருந்ததாக நினைத்த அழுக்கில் பெரும்பகுதி, பத்து நிமிடச் சீப்பு வேலையிலேயே போய்விடுகிறது என்பதைத் தரையில் குவியும் முடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குளியலைக் குறைத்துவிட்டுச் சீப்பையும் எடுக்காமல் விட்டால், அதற்கு மாதக் குளியல் என்று பெயர் வைத்துக்கொள்வது சோம்பலை மறைப்பதற்குத்தான் உதவும்.

அழுக்கானால் மட்டும் குளிப்பாட்டுவது என்ற அண்ணனின் வழியை நகரத்தில் இருப்பவர்கள் அலட்சியம் என்று நினைக்கிறோம். அது முழு உண்மை இல்லை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் வேட்டை நாய்களுக்கு உடம்போடு ஒட்டிய ஒற்றை அடுக்குக் குட்டை முடி. கரிசல் மண் அதில் அப்பினாலும், வெயிலில் காய்ந்ததும் உடம்பை ஒரு முறை உதறி, வேப்பமரத்தடி மணலில் நான்கு முறை புரண்டால் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. தொட்டியில் நனைந்து வந்தாலும் அரை மணிக்குள் தோல்வரை காய்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமே குறைந்தபட்சம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குளிப்பாட்டினால் போதும் என்றும், சில நாய்களுக்கு அதைவிட அடிக்கடி தேவைப்படலாம் என்றும்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் அண்ணன் வீட்டு நாய் வீட்டுக்குள் வருவதில்லை, கட்டிலில் படுப்பதில்லை, அதற்குப் புரள மணலும் காய வெயிலும் இருக்கின்றன. அவை எதுவும் இல்லாத மூன்றாம் மாடிக்கு அந்த வழியை அப்படியே கொண்டுவர முடியாது. ராஜபாளையத்துக்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்பாகத் தெரியும் அதன் தோல் எளிதில் எரிச்சலடையக்கூடியது. வெள்ளை நாய் என்பதால் அழுக்கு பளிச்சென்று தெரிகிறது, தெரிவதால் அடிக்கடி சோப்புப் போடுகிறார்கள், சோப்பால் தோல் சிவக்கிறது.

இனி, பலரும் குளிப்பாட்டுவதற்கு முதற்காரணமாகச் சொல்லும் வாடைக்கு வருவோம். ‘நாய் நாறுகிறது, குளிப்பாட்டு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போது, அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. நாயைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வோர் இடமாக முகர்ந்து பார்த்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். வாயில் வருவது பல்லில் படிந்த காரையின் வாடை. தொங்கிய காதைத் தூக்கியவுடன் புளித்த மாவுபோல வாடை வந்து, உள்ளே பழுப்பு நிற மெழுகு தெரிந்தால், அது பெரும்பாலும் மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருகியதன் அடையாளம். பின்பக்கத்தில் கெட்ட மீன்போல வீசினால், ஆசனவாயின் இரு புறமும் உள்ள சுரப்பிப் பைகள் நிரம்பியிருக்கலாம்; நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவதையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். இந்த மூன்றுமே குளிப்பாட்டினால் போகாதவை. காதில் பூஞ்சை இருக்கும் நாயைக் குளிப்பாட்டினால் உள்ளே தண்ணீர் இறங்கி நிலைமை மோசமாகவும் செய்யும். எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஞாயிறுதோறும் குளிப்பாட்டியும் திங்கட்கிழமையே திரும்பி வந்த வாடை, இடது காதிலிருந்து வந்ததுதான்.

முடியிலிருந்தே வரும் வாடை வேறு வகை. முடியிலும் தோலிலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சேர்மங்கள் ஈரம் பட்டவுடன் காற்றில் கிளம்புவதால்தான் நனைந்த நாய்க்கென்று ஒரு தனி வாடை இருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்த நாய், குளிக்காத நாயைவிட அதிகமாக நாறுவதும் இதனால்தான். மறுநாள் வாடை வருகிறதே என்று இன்னும் அடிக்கடி குளிப்பாட்டுகிறவர்கள் ஒரு வட்டத்துக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். நாங்களும் அதில் இருந்தோம்.

உண்ணிக்காக அடிக்கடி குளிப்பாட்டுவதும் பயனற்ற முயற்சியாகவே எனக்குப் படுகிறது. நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு நிற நாய் உண்ணி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின்மேல் கழிப்பதில்லை. இரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசல், கதவு நிலையின் இடுக்கு, நாய் படுக்கும் சாக்கின் மடிப்பு போன்ற இடங்களில் ஒளிந்து தோலுரித்து, அடுத்த வளர்ச்சிக் கட்டத்தில் மறுபடி ஏறுகிறது. பெண் உண்ணி அதே இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டை இடுகிறது. தண்ணீரில் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடந்தாலும் சாகாத உயிர் அது. ஐந்து நிமிடக் குளியல் அதை என்ன செய்துவிடும்? எர்லிக்கியா, பேபிசியா போன்ற இரத்த நோய்களை அது பரப்புவதால் மருத்துவரைக் கேட்டு முறையான மருந்து போடுவதுதான் வழி. அங்கேதான் குளியல் இடைவெளி மறுபடி குறுக்கே வருகிறது. கழுத்தின் பின்புறம் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து, தோலின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்துதான் உடல் முழுவதும் பரவுகிறது. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. வாரந்தோறும் ஷாம்பு போட்டால் ஒரு மாதம் நிற்க வேண்டிய மருந்தின் வலு குறைந்துகொண்டே வரும். வாரக் குளியலை விட முடியாதவர்கள், வாய்வழியாகக் கொடுக்கும் மாத்திரை தங்கள் நாய்க்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அது இரத்தத்தில் இருந்து வேலை செய்வதால் குளியல் அதைப் பாதிப்பதில்லை. மண்ணெண்ணெய் தடவுவது, ஃபினைல் கலந்த நீரில் குளிப்பாட்டுவது ஆகிய பழைய கை வைத்தியங்களை யார் சொன்னாலும் செய்யக் கூடாது. தோல் வெந்துபோவதோடு, நாய் தன்னையே நக்கிக்கொள்வதால் அந்த நஞ்சு வயிற்றுக்குள்ளும் போகும்.

வீட்டில் நாய் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் வாரக் குளியல் உதவுமா என்பது எனக்கும் இருந்த கேள்வி. என் மகளுக்கு நாயோடு நெடுநேரம் இருந்தால் தும்மல் வரும். உதவும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் எச்சிலிலும் உதிரும் தோலிலும் இருக்கிறது. குளிப்பாட்டியதும் நாயின்மேல் அதன் அளவு நன்றாகக் குறைந்தாலும் சில நாளிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. குறைந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்ட வேண்டும். அதற்கு எங்கள் நாயின் அடிமுடி இடம் கொடுக்காது என்பதால், படுக்கையறைக் கதவைச் சாத்தி வைக்கும் வழியைத் தேர்ந்துகொண்டோம். நாய்க்கு அதில் மிகுந்த வருத்தம். கதவுக்கு வெளியே பெருமூச்சு விடும் சத்தம் உள்ளே கேட்கும்.

தோல் நோய் வந்துவிட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. மலசேசியா தோலில் பரவிய நாய்க்கு, 2 விழுக்காடு குளோர்ஹெக்சிடினும் 2 விழுக்காடு மைகோனசோலும் கலந்த மருந்து ஷாம்புவால் வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுவதைப் பன்னாட்டுத் தோல் மருத்துவ வழிகாட்டுதல்கள் முதன்மையாகப் பரிந்துரைக்கின்றன. நுரை தோலில் பத்து நிமிடம் இருந்தால்தான் மருந்து வேலை செய்யும். எங்களைப் போல் பலரும் இரண்டாவது நிமிடத்திலேயே தண்ணீரை ஊற்றிவிட்டு, ஷாம்பு சரியில்லை என்று குறை சொல்கிறோம். கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு, அந்தப் பத்து நிமிடமும் நாய்க்குப் பிடித்த எதையாவது நக்கக் கொடுத்து நிறுத்திவைப்பது எங்களுக்குக் கைகொடுத்தது. நோய் தீர்ந்த பிறகும் அதே வேகத்தில் தொடர வேண்டுமா, எப்போது குறைக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஷிட்சு, லாசா ஆப்சோ போன்ற நீள்முடி நாய்களின் கதை தனி. அவற்றின் முடி நம் தலைமுடியைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றுக்குத் தொல்லை சடைதான். சீவாமல் குளிப்பாட்டினால் சிறு முடிச்சுகூட நீர் பட்டு இறுகிக் கம்பளித் துண்டுபோல ஆகிவிடும். அப்புறம் கத்தரிக்கோலைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே நாள்தோறும் சீவி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை குளிப்பாட்டி, அன்றே சூடான காற்றால் அடிவரை காயவைத்துச் சிக்கெடுப்பது என்ற நாத்தனாரின் முறையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவர் செய்கிற செலவைத் தவிர. அழகு நிலையங்களில் இருக்கும் பெரிய காற்றடிப்பான், வீட்டு ஹேர் டிரையரால் இரண்டு மணி நேரமாகும் வேலையை அரை மணியில் முடித்துவிடுகிறது. அங்கே போனால் சீப்பையும் மேசையையும் ஒவ்வொரு நாய்க்கும் பிறகு சுத்தம் செய்கிறார்களா என்று நின்று பார்த்துவிட்டு நாயைக் கொடுங்கள். படர்தாமரை அப்படித்தான் வீடு வந்து சேரும்.

எதைக்கொண்டு குளிப்பாட்டுவது என்பதும் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. நம் தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. நாம் குளிக்கும் சோப்புக் கட்டிகளின் காரத்தன்மை நம் தோலுக்கே அதிகம். அதையோ துணி சோப்பையோ போட்டு மாதம் ஒரு முறை குளிப்பாட்டுவதைவிட, நாய்க்கென்று செய்த மென்மையான ஷாம்புவைப் போட்டுப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குளிப்பாட்டுவது தோலுக்குக் குறைந்த தொல்லை தரும். டெட்டால் கலந்த நீர் என்பது பல வீடுகளில் இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. அது நாயின் தோலை எரிக்கும். அதே வீட்டில் பூனை இருந்தால் பூனைக்கு நஞ்சாகவே ஆகும். வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரைக் கடைசியாக ஊற்றுவது என் மாமியாரின் வழக்கம். நன்மை எவ்வளவு என்று என்னால் அளந்து சொல்ல முடியாவிட்டாலும், எங்கள் நாய்க்கு அதனால் கெடுதல் எதுவும் வந்ததில்லை.

தண்ணீரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற நாள்களில், நாய்க்கு வாரம் மூன்று பக்கெட் ஊற்றுவது பற்றி யாரும் பேசியிருக்க முடியாது. லேப்ரடாரை நுரை போக முழுக்க அலச இரண்டு பக்கெட்டுக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். உப்புத் தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் ஷாம்பு சரியாக நுரைப்பதும் இல்லை, எளிதில் போவதும் இல்லை. இடுக்குகளிலும் வயிற்றடியிலும் தங்கிவிடும் மிச்சமே அரிப்புக்குக் காரணமாகும். தண்ணீர் குறைவாகக் கிடைக்கும் வாரத்தில் அரைகுறையாகக் குளிப்பாட்டுவதைக் காட்டிலும் தள்ளிப்போடுவது மேல்.

பருவம் மாறும்போது எங்கள் இடைவெளியும் மாறுகிறது. கத்திரி வெயிலில் காலை ஒன்பது மணிக்குக் குளிப்பாட்டினால் மொட்டை மாடி நிழலில் மதியத்துக்குள் அடிமுடி காய்ந்துவிடுவதால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை செய்கிறோம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஐந்து ஆறு வாரம்கூட விட்டுவிட்டு, நடை முடித்து வந்ததும் நான்கு கால்களையும் வயிற்றடியையும் மட்டும் வெறும் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குவரை துடைத்துவிடுகிறோம். தெருவில் வெள்ளம் நின்ற நாள்களில் இந்தக் கால் கழுவலைத் தவறவிடுவதில்லை. எலிச் சிறுநீர் கலந்த நீரில், எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கக்கூடும். கழுவுவது அதற்கு முழுக் காப்பாகாது என்பதால் ஆண்டுத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். கடற்கரைக்குக் கூட்டிப் போய் உப்பு நீரில் விளையாட விட்டால் மட்டும் பருவத்தைப் பார்க்காமல் அன்றே நல்ல தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் வைத்துக் காயவைக்கிறோம். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் குளிப்பாட்டவே கூடாது. உடல் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ள அதற்கு இன்னும் தெரியாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஆகவே என் கணக்கு இப்படி நிற்கிறது. அண்ணனின் சிப்பிப்பாறைக்கு, வீட்டுக்குள் வராதவரை, அவர் வழியே சரி. ஆனால் அவர் வாரம் ஒரு முறையாவது காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஷிட்சுவுக்கு மூன்று வாரமும் நாள்தோறும் சீப்பும். எங்கள் லேபுக்கு நான்கு வாரமும், வாரம் மூன்று முறை சீப்பும், மழைக்காலத்தில் கால் கழுவலும். இந்த முறைக்கு மாறிய பிறகு குளியல் நாள் என்பது எங்கள் வீட்டில் அரை நாள் வேலையாகிவிட்டது. ஊற்றித் தேய்த்து அலச இருபது நிமிடம், மருந்து ஷாம்புவானால் இன்னொரு பத்து நிமிடம், மிச்சம் எல்லாம் காயவைப்பதுதான். நான்கு துண்டுகள் இதற்கென்றே ஒதுக்கியாகிவிட்டன. கடைசியில் வாலடி, அக்குள், காதுக்குப் பின்புறம் ஆகிய மூன்று இடத்திலும் முடியை எதிர்த்திசையில் பிரித்து, விரல் நுனியைத் தோலில் வைத்துப் பார்க்கும் வேலையை என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் ‘காஞ்சிருச்சும்மா’ என்று சொல்லும்வரை அதற்குப் பால்கனியைவிட்டு உள்ளே வர அனுமதி இல்லை.